கல் இல்லாத இடத்திலும் கல்லறை உண்டு

ஆசிரியருக்கு,

இங்கிலாந்தில் குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவினரின் பழைய குடும்ப இடுகாடுகளை இடம் மாற்றும்போது, நிற்கும் கற்களை எண்ணிக் கல்லறைகளைக் கணக்கிடுவது பெருந்தவறு. கல் நடுவது வீண்பெருமை என்று 1717-இல் அவர்களின் தலைமை அமைப்பான லண்டன் ஆண்டுக்கூட்டம் அவற்றை அகற்றச் சொன்னது. எளிய, ஒரே மாதிரியான கற்களுக்கு 1850-இல்தான் இடம் கொடுத்தது. ஆகவே மேல்மண்ணை மெல்லிய அடுக்குகளாக வழித்தெடுத்து, மண்ணின் நிறம் மாறும் நீள்சதுரங்களைத் தேட வேண்டும். அமில மண்ணில் எலும்பு கரைந்து கருந்தடம் மட்டுமே எஞ்சும். பெட்டியின் துருப்பிடித்த ஆணிகள் கிடந்த வரிசையைக் குறித்துக்கொள்ளாமல் அள்ளிவிட்டால் அந்த மனிதர் இருந்த சுவடே போய்விடும். புதைப்புப் பதிவேட்டில் இன்னொரு சிக்கல்: குவேக்கர்கள் மாதங்களைப் பெயரால் அன்றி எண்ணால் குறித்தார்கள்; 1752-க்கு முன் ‘முதல் மாதம்’ என்றால் மார்ச், ஜனவரி அல்ல. குவேக்கர் இடுகாட்டு நிலம் தேவாலயத்தால் புனிதப்படுத்தப்படாதது. ஆகவே தோண்டுமுன் 1857-ஆம் ஆண்டுப் புதைப்புச் சட்டப்படி நீதி அமைச்சகத்தின் உரிமம் வேண்டும்.

— ஒரு வாசகர்