குதங்கள் எங்கள் ஊரில், பேச்சு வேறெங்கோ

ஆசிரியருக்கு,

எங்கள் திருகோணமலையின் சீனக்குடாவில் எண்ணெய் சேமிக்கும் பிரிட்டிஷ் காலத்துக் குதங்கள் 99. 2022 ஜனவரி உடன்படிக்கையில் 14ஐ இந்திய நிறுவனத்துக்கும் 61ஐ இலங்கை-இந்தியக் கூட்டு நிறுவனத்துக்கும் கொடுத்தார்கள். 2025 ஏப்ரலில் இந்தியா, ஐக்கிய அரபு இராச்சியத்தோடு எரிசக்தி மையத்துக்கு இன்னொரு கையெழுத்து. வாக்குப் போட்ட எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சரி, வரவு செலவுத் திட்டமாவது ஆறுதல் தருமா? 18 சதவீத வற் என்ற பெறுமதி சேர் வரி அப்படியே நிற்கிறது. என் மச்சான் விடிய முன்னம் மண்ணெண்ணெய்க் கானைத் தூக்கி ஆட்டிப் பார்க்கிறார். சத்தத்தை வைத்துத்தான் வள்ளம் இறக்குவதா என்று முடிவெடுக்கிறார். குதங்களுக்குப் பக்கத்திலேயே இந்த நிலைமை என்பதில்தான் வயிறு எரிகிறது.

அயல்நாடுகளோடு உறவு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் கையெழுத்துப் போடுமுன் உடன்படிக்கையை முழுதாகத் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடுங்கள். மீனவருக்கான எரிபொருள் மானியத்துக்கு அடுத்த திட்டத்தில் பணம் ஒதுக்குங்கள்.

ஒரு வாக்காளர்,
திருகோணமலை