காப்பீட்டு அட்டைத் திருத்தத்துக்கு வட்ட அளவில் முகாம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு உதவும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், தேயிலைத் தோட்டங்களை நம்பி வாழும் நீலகிரி மாவட்டம் பந்தலூர் மக்களாகிய எங்களுக்குப் பெரும் ஆறுதல். ஆனால் அந்த அட்டையில் ஒரு பெயரைத் திருத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

என் மாமியாரின் பெயர் தவறாக இருந்ததால், குடும்ப அட்டை, ஆதார், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்டது என்பதற்கான சான்று ஆகியவற்றைப் பாலித்தீன் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு, வழியிலுள்ள கூடலூரிலிருந்தே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மாவட்டத் தலைநகரான உதகைக்கு, நடுவட்டம் மலைப்பாதை வழியாக, இருவரும் ஒருநாள் கூலியை இழந்து சென்றோம். காலமெல்லாம் கொழுந்து பறித்துத் தேய்ந்த அவருடைய விரல்களின் ரேகை கருவியில் பதியவே இல்லை. முந்தானையில் துடைத்துத் துடைத்துப் பத்து விரல்களையும் வைத்துப் பார்த்தார். "இன்னொரு நாள் வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பும் வழியெல்லாம், தன் கைகள்தாம் ஏதோ குற்றம் செய்துவிட்டன என்பதுபோல் அவற்றையே பார்த்துக்கொண்டு வந்தார்.

எனவே கூடலூர், பந்தலூர் வட்டாட்சியர் அலுவலகங்களில் மாதம் ஒருமுறையேனும் திருத்த முகாம் நடத்தவும், ரேகை பதியாதவர்களுக்குக் கருவிழிப் பதிவுக் கருவி வைக்கவும் மாவட்ட நிர்வாகம் ஆவன செய்ய வேண்டுகிறேன். தென்மேற்குப் பருவமழையில் மண் சரிந்தால் அந்தப் பாதையும் எங்களுக்கு இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி, பந்தலூர்