அந்த நாலு ஏக்கர் விஷயமாக

கும்பகோணம்,
ஆடி 9

அன்புள்ள மாப்பிள்ளை,

பொங்கலுக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை, தப்பு என் மேல்தான். இங்கே எல்லோரும் சுகம். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். உன் சைக்கிள் பந்தயப் பாக்கி இன்னும் நிற்கிறது, மறந்துவிடாதே.

குடவாசல்காரன் நேற்று வந்திருந்தான். வாய்க்கால் கரையில் இருக்கிற 192 குடும்பத்துக்கும் ஊருக்கு வெளியே நாலு ஏக்கர் நஞ்சையை வாங்கி, தரைத்தளத்தோடு மூன்று மாடிக் குடியிருப்பு கட்ட உங்கள் நகராட்சியில் தீர்மானம் வரப்போகிறதாம். முன்மொழிவதே நீதானாம். கவுன்சிலர் ஆன பிறகும் அந்த ஜனங்களை மறக்காமல் நிற்கிறாயே, ரொம்ப சந்தோஷம். ஆனால் எந்த இடம் என்று கேட்டதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது.

அது சாலையைவிட மூணு அடி பள்ளம், மாப்பிள்ளை. சம்பா வயல், அடியில் சுத்தக் களி. சித்திரையில் கை நுழைகிற அளவு வெடிக்கும், ஐப்பசியில் ஊறி உப்பும். எவ்வளவு உப்பும் என்று பார்க்கப் பெரிய செலவில்லை. மண்ணை நன்றாகக் காயவைத்து இடித்து, 425 மைக்ரான் சல்லடையில் சலித்து, பத்துப் பத்து கிராமாக இரண்டு 100 மில்லி அளவுக் குழாயில் போட வேண்டும். ஒன்றில் காய்ச்சி வடித்த தண்ணீர், இன்னொன்றில் மண்ணெண்ணெய். 24 மணி நேரம் ஆடாமல் வைக்க வேண்டும். மண்ணெண்ணெயில் களி உப்பாது. அதில் 10 மில்லியில் நிற்கிற மண் தண்ணீரில் 16-க்கு ஏறியிருந்தால் உப்பல் 60 சதவீதம். 50-ஐத் தாண்டினாலே சாதாரண அஸ்திவாரத்தை நம்பக்கூடாது.

அடுத்தது துளை போட்டுப் பார்ப்பது. 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விட்டு, முதல் 15 செ.மீ.யைத் தள்ளிவிட்டு, குழாய் அடுத்த 30 செ.மீ. இறங்கச் சுத்தியல் எத்தனை தடவை விழுகிறது என்று எண்ணுவார்கள். நாலுக்குக் கீழே வந்தால் அது சேறு மாதிரி. அங்கே கெட்டி மண் கிடைக்கிற ஆழம் வரை பைல், அதாவது கான்கிரீட் தூண், இறக்கியே ஆக வேண்டும். இடத்துக்கு இடம் மாறும் என்பதால் மனைக்கு ஒரு துளை என்று முடிக்காதே, ஒவ்வொரு பிளாக்குக்கும் போடச் சொல்.

பைல் போட்டாலே போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. கட்டடம் நிற்கும், தரை உட்காரும். நான் பயப்படுவது அதற்குத்தான். சாலைக்கு மேல் ஒரு அடி தூக்க வேண்டுமென்றால் நாலு அடி நிரப்ப வேண்டும். யூனிட் என்றால் நூறு கன அடி, நாலு ஏக்கருக்கு அது ஏழாயிரம் யூனிட் மண். லாரிக்கு மூணு யூனிட் என்றால் 2,300 லோடு, ரோலர் போட்டு இறுக்கினால் இன்னும் கூடும். கிராவல் தஞ்சாவூரைத் தாண்டி வல்லம், செங்கிப்பட்டிப் பக்கத்திலிருந்து வர வேண்டும். மலிவு என்கிறீர்களே அந்த நிலத்தை, இந்தக் கணக்கைக் கூட்டிவிட்டுச் சொல்லுங்கள்.

நிரப்பிய மண்ணே சதுர மீட்டருக்கு ரெண்டு டன்னுக்கு மேல் கனக்கும். கீழே இருக்கிற களி அந்தக் கனத்தில் மெதுவாக அமுங்கும், போகும்போது பைலையும் கீழே இழுக்கும். தளம் நிரப்பின மண் மேல் உட்கார்ந்திருக்கும், சுவர் பைல் மேல் நிற்கும். ரெண்டுக்கும் நடுவே கக்கூஸ் குழாய் சுவரைத் தாண்டுகிற இடத்தில் ஜாயிண்ட் விட்டுவிடும். கழிவு வெளியே தெரியாது, தளத்துக்கு அடியிலேயே ஊறும், களி இன்னும் இளகும். அதனால் 20 செ.மீ. ஒரு அடுக்காகக் கொட்டி, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டி, அடுக்குக்கு அடுக்கு இறுக்கம் சோதிக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டி ஜே.சி.பி.யை மேலே நாலு சுற்று ஓட்டிவிட்டு பில் போடுவார்கள், விடாதே. நிரப்பி முடித்த பிறகு ஒரு ஐப்பசி கார்த்திகை மழை அதன் மேல் பெய்யட்டும். அப்புறம் பைல்.

கழிவுநீர்க் கணக்கும் பார். வீட்டுக்கு நாலு பேர், ஆளுக்கு 135 லிட்டர் என்றால் நாளைக்கு ஒரு லட்சத்துக்கு மேல் தண்ணீர். அதில் 80 சதவீதம் கழிவாகத் திரும்பும். கார்த்திகையில் நிலத்தடி நீர் காலடியில் நிற்கிற ஊரில் உறிஞ்சு குழி எதை உறிஞ்சும்? மழைக்காலத்தில் செப்டிக் டேங்கைக் காலி செய்தால் டேங்கே மிதந்து எழும். சுத்திகரிப்பு நிலையம் வேண்டும், அதற்குக் கரண்டு பில் மாதாமாதம் வரும். மத்திய அரசு வீட்டுக்குத் தருவது 1.5 லட்சம், உன் மண் மோசம் என்று அது அதிகமாகாது. மிச்சம் நகராட்சி தலையில், இல்லையென்றால் பயனாளி பங்கில். பூக்கட்டியும் மீன் விற்றும் பிழைக்கிறவர்களிடம் வருமானச் சான்று எங்கே இருக்கிறது, எந்த பேங்க் கடன் தரும்?

அவர்கள் காலை அஞ்சு மணிக்கு ஊருக்குள் இருக்க வேண்டியவர்கள் என்பதும் உனக்குத் தெரியும். சென்னையில் பெரும்பாக்கத்தில் எட்டு அடுக்குக் கட்டி ஜனங்களைக் கொண்டுபோய் வைத்தார்கள், வேலை நகரத்துக்குள் இருந்தது. அது நமக்கு வேண்டாம்.

பழைய மார்க்கெட் இடம் சும்மா கிடக்கிறதே. அங்கே வணிக வளாகம் கட்டினால் வருமானம் தரும் என்று நகராட்சிக் கணக்குப் பிரிவு சொல்கிறது, சரி. தரையில் கடை, மேலே மூன்று மாடி வீடு என்று கட்டக்கூடாதா? வீட்டுக்குத் தனிப் படிக்கட்டு, கடை வாடகையில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட்டு மோட்டார், தொட்டி, மொட்டைமாடி ஓதம் எல்லாவற்றுக்கும் அதிலிருந்தே செலவு. 192-ம் அடங்காது. 80 அடங்கினாலும் மீதிக்கு மேடான இடம் தேட நேரம் கிடைக்கும். கோயிலுக்குச் சொந்தமான அடிமனையில் வீடு போட்டு இருப்பவர்களையும் இதில் முதலில் சேர். பட்டா இல்லாததால் சொந்த இடத்தில் கட்டிக்கொள்ளும் மானியம் அவர்களுக்கு வராது.

தீர்மானத்தை நிறுத்தச் சொல்லவில்லை. 'மண் பரிசோதனை அறிக்கை மன்றத்தில் வைக்கப்பட்ட பிறகே நிலக்கிரயம்' என்று ஒரு வரி சேர். அதற்கு முன்னால் அந்த வயலில் மூணு இடத்தில், நாலு அடிக்குக் கீழே இருக்கிற மண்ணாகப் பார்த்து ரெண்டு ரெண்டு கிலோ எடுத்து, தனித்தனிப் பையில் இடம் எழுதிக் கட்டி, மன்னார்குடி பஸ்ஸில் குடவாசல்காரனிடம் கொடுத்தனுப்பு. குழாயும் மண்ணெண்ணெயும் இங்கே தயாராக இருக்கிறது.

உன்,
மாப்பிள்ளை