கோச்சியில் (ரயிலில்) வடை விற்கும் அண்ணனுக்கு

அண்ணன்,

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. பதினோரு வருஷமாக நீங்கள் என்னை "டீச்சர்" என்கிறீர்கள், நான் உங்களை "அண்ணன்" என்கிறேன். அதற்கு மேல் இரண்டு பேருக்குமே தேவைப்படவில்லை. தலவாக்கலையில் ஏறி நான் ஒழுங்காக உட்காருவதற்குள் உங்கள் கூடை வந்துவிடும். கொட்டகலை தாண்டினால் சிங்கமலைச் சுரங்கம். அரைக் கிலோமீற்றருக்கு மேல் இருட்டு. பையன்கள் கூச்சல் போடுவார்கள், நான் வடையைக் கடிப்பேன். பல்லில் நறுக்கென்று உடைகிற முழுப் பருப்பு, பொரித்த செத்தல் மிளகாய், கருகின கறிவேப்பிலை. வெளிச்சம் வந்து ஹட்டன் தெரியும்போது கையில் எண்ணெய்த் தாள்தான் மிச்சம்.

போன மாதம் வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்தேன். சீனி 118 வந்தது. 100க்குக் கீழே என்றால் கவலையில்லை, 126ஐத் தொட்டால் சீனி வருத்தம் (நீரிழிவு) என்று எழுதிவிடுவார்கள். நான் மிதிபலகையில் தொங்குகிறவள் மாதிரி உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. "எண்ணெய்ப் பலகாரம் சாப்பிடுவீங்களா?" என்று டொக்டர் கேட்டார். "எப்பவாவது" என்றேன். நாளுக்கு மூன்று என்று உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

பழியை உங்கள் தலையில் போட இதை எழுதவில்லை. ஸ்டாஃப் ரூமில் மூன்று தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி. ஒரு தேக்கரண்டி 4 கிராம் என்றால் கூட்டிப் பாருங்கள், 24. நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். உங்கள் முகத்தைப் பார்க்கும் முன்னமே என் கணக்கு முடிந்துவிடுகிறது. சீனியைப் பாதியாக்கிவிட்டேன். முதல் வாரம் கழுநீர் மாதிரி இருந்தது, இப்போது பழைய இனிப்பில் குடிக்க முடியவில்லை. சக ஆசிரியை ஒருத்தர் "சீனிக்குப் பதிலா கித்துல் கருப்பட்டியைக் கடிச்சுக்கிட்டு குடிங்க, அது ஒண்ணும் செய்யாது" என்றார். கருப்பட்டியும் பெரும்பாலும் சர்க்கரைதான் என்று சொன்னேன். அன்றிலிருந்து சரியாகப் பேசுவதில்லை.

வடையை விடத்தான் படாத பாடு பட்டேன். கடலைப் பருப்பை ஊறவைத்துக் கொரகொரப்பாக அரைத்து, பணியாரச் சட்டியில் குழிக்கு நாலு சொட்டு எண்ணெய் விட்டுச் சுட்டேன். வெங்காயமும் துருவின கரட்டும் நிறையச் சேர்த்தால் தொண்டையில் அடைக்காது. நல்ல பலகாரம்தான், ஆனால் வடை என்று நினைத்துக் கடித்தால் ஏமாற்றம். வேறு பெயர் வைத்துச் சாப்பிட வேண்டும். ஓவனில் வைத்ததோ கல். எங்கள் வீட்டு நாய்கூட உருட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

அப்போதுதான் உங்கள் இடது கைச் சட்டி ஞாபகம் வந்தது. வடைக் கூடைக்குப் பின்னால், துணி மூடி, பாதி நாள் காலியாகவே வருமே, அந்தக் கடலைச் சட்டி. அவித்த கொண்டைக்கடலை, கடுகு, வெங்காயம், பல்லுப் பல்லாகச் சீவின தேங்காய். அவித்த கடலை 100 கிராமில் 160 கலோரிக்குச் சற்று மேல் இருக்கும், 8 கிராமுக்குக் குறையாத புரதமும் 7 கிராம் அளவுக்கு நாரும் உண்டு. எண்ணெய் கிராமுக்கு 9 கலோரி. உங்கள் சட்டி முழுவதற்கும் தாளிக்க இரண்டு மூன்று கரண்டி எண்ணெய் போதும். வடை ஒவ்வொன்றும் தனித்தனியாகக் குடிக்கிறது, அதுவும் எண்ணெய் சரியாகக் காயுமுன் போட்டால் இன்னும் கூடக் குடிக்கும்.

கடலை வேகத்தான் நேரமாகும், தெரியும். ஹட்டன் உயரத்தில் தண்ணீர் 96 பாகை செல்சியஸுக்குள்ளேயே கொதித்துவிடுகிறது. கடலோரத்து நீர்கொழும்பில் வேகிற கடலை இங்கே வேகாமல் அடம்பிடிப்பதற்கு அதுதான் காரணம். இரவே ஊறப்போட்டுக் குக்கரில் வைத்தால் விறகும் மிச்சம், காஸும் மிச்சம். இன்னொன்றும் செய்து பார்த்தேன். பாசிப்பயறை முளைகட்ட வைத்தேன். கீழ்நாட்டில் ஒரே இரவில் வால் விடுமாம், நம் குளிருக்கு இரண்டு இரவு வேண்டும். அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் ஈரத்துணியில் கட்டி வையுங்கள். கொஞ்ச நேரம் ஆவியில் வைத்து, தேங்காய்ப்பூவும் தேசிக்காய் (எலுமிச்சை) புளியும் போட்டால் நுவரெலியா போகிற வெள்ளைக்காரர்களும் வாங்குவார்கள்.

தேசிக்காய் சும்மா ருசிக்கு மட்டும் இல்லை. கடலையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர அந்தப் புளிப்பு உதவும். தேத்தண்ணிச் சாயம் அதைத் தடுக்கும். அதனால் கடலை சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிக்காமல் ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிப்பது நல்லது. நாள் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு ஏறுகிற அக்காமாருக்கு, முக்கியமாகச் சோகை உள்ளவர்களுக்கு, இதைச் சொல்ல ஆசை. தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் நின்று தேத்தண்ணியைத் தள்ளிக் குடி என்று சொன்னால் யார் கேட்பார்கள்!

ரட்டகஜுவும் (நிலக்கடலை) நல்லதுதான், ஆனால் அதில் பாதி கொழுப்பு. ஒரு கைப்பிடி போதும், ஒரு பக்கட் கூடுதல். அம்பரல்லா அச்சாறில் உப்பைக் குறையுங்கள். மிக்சரைப் பற்றி நான் ஒன்றும் பேசப் போவதில்லை.

போத்தல் பானம் விற்கிற தம்பியிடம் மட்டும் ஒரு விஷயம் சொல்லுங்கள். 2016இலிருந்து போத்தலில் நிற வட்டம் போடுகிறார்கள். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்த வட்டத்தைப் பார்ப்பதே இல்லை. தண்ணீர் போத்தலை முன்னால் வைத்தால் கை அதற்குத்தான் முதலில் போகும். என் கதையும் அதேதான். இரண்டு மணிக்குப் பசியோடு ஏறுகிறவளுக்கு வைராக்கியம் எல்லாம் கிடையாது. எது மடிக்குக் கிட்ட வருகிறதோ அதைத்தான் தின்பேன். அதனால் இந்தக் கடிதத்தை எனக்கு நானே எழுதிப் பிரயோசனமில்லை, உங்களுக்கு எழுதுகிறேன். கூடையையும் சட்டியையும் கை மாற்றிப் பிடியுங்கள். வடையை நிறுத்தச் சொல்லவில்லை, நிறுத்தினால் முதலில் சண்டைக்கு வருவதும் நானாகத்தான் இருக்கும்.

அப்புறம், அந்தத் தாள். வைகாசியில் ஒரு நாள் வடையைப் பிரித்தால் உள்ளே ஏழாம் ஆண்டுக் கணித விடைத்தாள். மூலையில் சிவப்பில் 34. என் கையெழுத்து! எண்ணெய் பட்டு மை கரைந்து வடையின் அடியில் ஒரு 4 தலைகீழாகப் பதிந்திருந்தது. சாப்பிட்டேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மை வயிற்றுக்குள் போகிற பொருள் இல்லை. வாழையிலைத் துண்டு கிடைத்தால் அதில் கொடுங்கள், இல்லாவிட்டால் என் டிபன் பெட்டியில் போடுங்கள், கழுவித்தான் வைத்திருப்பேன்.

திங்கட்கிழமை மூன்றாவது பெட்டியில் ஜன்னலோரம் இருப்பேன். கடலை இரண்டு சுண்டு அளவு, தேசிக்காய் கூட. வடை ஒன்று, சுரங்கத்துக்கு. சில்லறை சரியாக வைத்திருக்கிறேன்.

டீச்சர்