அந்த இரண்டு இரவுகள் உடனிருந்தவர்களுக்கு

கீழ் வீட்டு அக்காவுக்கு, ஆம்புலன்ஸில் வந்த இருவருக்கு, பராமரிப்பு மையத்து நைட் டியூட்டி சிஸ்டருக்கு, டாக்டருக்கு, சார்ஜர் கொடுத்த அண்ணனுக்கு, கழிவறை சுத்தம் செய்ய வந்த அம்மாவுக்கு வணக்கம்.

உங்களில் பாதிப் பேரின் பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்த பெயர்களையும் இங்கே எழுதப் போவதில்லை. "நடந்ததை எழுது, பேர் மட்டும் வேண்டாம்" என்று தம்பி கேட்டுக்கொண்டான். சரி என்றேன்.

அன்று மாலை அவன் அறையைத் தாண்டி இரண்டு முறை போனேன். உள்ளே குறட்டைச் சத்தம். பல நாள் கழித்துத் தூங்குகிறானே, எழுப்ப வேண்டாம் என்று டி.வி. சத்தத்தைக்கூடக் குறைத்து வைத்தேன். அது குறட்டை இல்லை. நாக்கு தளர்ந்து பின்னால் சரிந்து, பாதி அடைபட்ட தொண்டை வழியே மூச்சு கொப்பளித்து வந்த சத்தம். மூன்றாவது முறை போனபோது சத்தமே இல்லை. கதவைத் திறந்தால், உதடு நீலம் பாரித்துக் கிடந்தான். வலது கை உடம்புக்கு அடியில் மாட்டியிருந்தது.

அக்கா, நான் போட்ட கூச்சலுக்கு ஓடி வந்த நீங்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இமையைத் தூக்கிப் பார்த்தீர்கள். கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. போதை மருந்து அளவு மீறினால் (ஓவர்டோஸ்) அதை முறிக்கும் நலோக்சோன் ஸ்ப்ரேயைக் கைப்பையிலிருந்து எடுத்து ஒரு மூக்குத் துவாரத்தில் அடித்தீர்கள். தலையைச் சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஐந்து எண்ணுவதற்கு ஒரு மூச்சு என்று ஊதினீர்கள். மூன்று நிமிடம் ஆகியும் அசைவில்லை என்றதும் இரண்டாவது ஸ்ப்ரே. எண்ணும் வேலையை எனக்குக் கொடுத்தீர்கள். என் கை நடுங்கிக்கொண்டிருந்ததால் வேறு எதற்கும் நான் லாயக்கில்லை என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த ஸ்ப்ரே ஏன் உங்கள் கைப்பையில் இருந்தது என்று நான் கேட்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை.

அவன் இருமிக்கொண்டு கண் திறந்தபோது, பிழைத்துவிட்டான், முடிந்தது என்று நினைத்தேன். பாதிதான் முடிந்திருந்தது. இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே மீதிப் பாதிக்காகத்தான்.

போன வருஷமும் ஒருமுறை இப்படி ஆகியிருக்கிறது. வேறொரு இடத்துக்குக் கொண்டுபோனோம். விழித்த இரண்டு மணி நேரத்தில், ஒரு துண்டுக் காகிதத்தில் போன் நம்பர் எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த நம்பரை யாரும் எடுக்கவில்லை. அன்று இரவே அவன் வெளியே போய்விட்டான். ஆகவே இந்த முறை ஆம்புலன்ஸ்காரர்கள் இருவரும், "எமர்ஜென்சியில் பார்த்த பிறகு, இதற்கென்றே ஒரு மையம் இருக்கிறது, அங்கே ஓரிரு நாள் வைத்துப் பார்ப்பார்கள். வருகிறாயா?" என்று அவனிடமே கேட்டபோது எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் என்னைத் தாண்டி அவனிடம் கேட்டீர்களே, அதற்கு முதல் நன்றி.

சிஸ்டர், அன்று இரவு நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நலோக்சோன் மூளையில் ஓபியாய்ட் (ஹெராயின், மார்ஃபின் வகைப் போதை மருந்து) உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து அதைத் தள்ளிவிட்டுத் தான் போய் உட்காருகிறது. ஆனால் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான் தாங்கும். அது இறங்கியபின் ரத்தத்தில் போதை மருந்து மிச்சம் இருந்தால் மறுபடி மூச்சு அடங்கும். மெதடோன் போன்ற சில ஓபியாய்டுகள் ஒரு நாளைக்கு மேலும் உடம்பில் நிற்கும். இதைச் சொல்லிவிட்டு நீங்கள் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். விரலில் மாட்டிய கருவி ரத்தத்து ஆக்ஸிஜன் 97 என்று காட்டிக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். "ஆக்ஸிஜன் வைத்திருக்கிறோம், அதனால் அந்த எண் நன்றாகத்தான் இருக்கும். வயிற்றைப் பாருங்கள்" என்றீர்கள். அவன் வயிற்றில் உள்ளங்கையை லேசாக வைத்து, இன்னொரு கையில் கடிகாரத்தைப் பிடித்து, முழுசாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணினீர்கள். பதினான்கு. கால் மணி கழித்துப் பன்னிரண்டு. அப்புறம் எட்டு. எண் அப்போதும் 97தான். நீங்கள் பதறவில்லை. ட்ரிப்ஸ் வழியாகக் கொஞ்சமாக நலோக்சோன் கொடுத்துவிட்டு மறுபடி எண்ண ஆரம்பித்தீர்கள். வீட்டில் படுக்க வைத்திருந்தால் அந்த எட்டை யார் எண்ணியிருப்பார்கள்? நான் மறுபடி டி.வி. சத்தத்தைக் குறைத்திருப்பேன்.

விடியற்காலையில் அவன் உங்களைத் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்கச் சொன்னான். "அது அவன் பேசுவதில்லை, போதை இறங்கும் வேதனை பேசுகிறது" என்று அப்போதே சொல்லிவிட்டீர்கள், இருந்தாலும் கேட்கிறான்.

சுத்தம் செய்ய வந்த அம்மா, உங்களுக்கு என்ன எழுதுவது என்று இன்னும் பிடிபடவில்லை. அவன் சிறுநீர் அடர்பழுப்பாக இருப்பதைப் பார்த்துவிட்டு, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு நேராக நர்ஸ் அறைக்குப் போனீர்கள். மயங்கிக் கிடந்த நேரம் முழுக்க உடம்பின் பாரம் ஒரு கை மேல் அழுத்தினால் அந்தத் தசை சிதையும், சிதைந்த கழிவு சிறுநீரகத்தை அடைக்கும் என்று டாக்டர் பிறகு விளக்கினார். ரத்தப் பரிசோதனை, பாட்டில் பாட்டிலாக சலைன். கை வீக்கத்தை அவன் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. கவனித்தது நீங்கள் ஒருவர்தான். டிஸ்சார்ஜ் காகிதத்தில் உங்கள் பெயர் இல்லை. இருந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, "நான் போறேன்" என்று எழுந்து நின்றான். அது பூட்டி வைக்கும் இடமில்லை. போகிறேன் என்றால் போகலாம். நான் அழ ஆரம்பித்தேன், வழக்கம்போல. அப்போதுதான் அந்த அண்ணன் வந்தார். எட்டு வருஷத்துக்கு முன்னால் தானும் இதே மாதிரி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவராம். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "போனில் சார்ஜ் இருக்கா?" என்றார். இல்லை. "இந்தா, ஏறும் வரைக்கும் இரு. வெளியே போய் செத்த போனை வைத்துக்கொண்டு என்ன பண்ணுவாய்?" அந்த ஒயரின் நீளம் கட்டிலை விட்டு நகர முடியாத அளவு. வேண்டுமென்றே அப்படி வாங்கி வைத்திருக்கிறாரோ என்று எனக்கு இன்றும் சந்தேகம். சார்ஜ் ஏறுவதற்குள் டாக்டர் வந்துவிட்டார்.

டாக்டர், போதை இறங்கும் வேதனையைத் தணிக்கும் ப்யூப்ரெனார்ஃபின் மாத்திரையை உடனே கொடுக்காமல் நீங்கள் காத்திருந்தபோது எனக்குக் கோபம் வந்தது. அவன் துடிக்கிறான், மாத்திரை உங்கள் கையில் இருக்கிறது. நாடித்துடிப்பு, வியர்வை, கொட்டாவி, ரோமம் சிலிர்ப்பது என்று பதினொரு அடையாளங்களுக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தீர்கள். சீக்கிரம் கொடுத்தால் வேதனை குறையாது, பல மடங்காகும் என்றீர்கள். மதிப்பெண் 13 வந்தபிறகு 4 மில்லிகிராம் நாக்குக்கு அடியில். விழுங்கினால் பெரும்பகுதி வீண், பேசாதே என்று சொல்லிவிட்டு நீங்களும் பேசாமல் எதிரில் உட்கார்ந்தீர்கள். பத்து நிமிடம் மூன்று பேரும் சும்மா இருந்தோம். ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு 4. மதியம் அவன் போர்வையைத் தள்ளிவிட்டு, "அக்கா, பசிக்குது" என்றான்.

"ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா?" என்று உங்களிடம் கேட்டவள் நான்தான். சொந்தக்காரர்கள் இன்றும் அதையே என்னிடம் கேட்கிறார்கள். நீங்கள் அன்று காட்டிய ஆய்வுகளைப் பிறகு தேடிப் படித்தேன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஓவர்டோஸிலிருந்து பிழைத்த 17,568 பேரைத் தொடர்ந்து கவனித்து 2018இல் வெளியிட்டது ஒன்று. சிகிச்சையாக மெதடோன் எடுத்தவர்களிடம் ஓபியாய்டால் நேரும் மரணம் 59 சதவீதமும், ப்யூப்ரெனார்ஃபின் எடுத்தவர்களிடம் 38 சதவீதமும் குறைந்திருந்தது. ஆனால் அந்த ஒரு வருஷத்தில் இப்படி ஏதாவது மருந்து கிடைத்தது பத்தில் மூன்று பேருக்குத்தான். அதே மாநிலத்தின் இன்னொரு ஆய்வில், எமர்ஜென்சியில் காப்பாற்றப்பட்ட 11,557 பேரில் 635 பேர் ஒரு வருஷத்துக்குள் இறந்திருக்கிறார்கள். அதில் 130 பேர் முதல் மாதத்திலேயே, 29 பேர் முதல் இரண்டே நாளில். அந்த 29ஐப் படித்ததும் கொஞ்ச நேரம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

இரண்டாம் நாள் இரவு பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. தூங்கினான். நானும் நாற்காலியில் தூங்கினேன். யாரோ எனக்கும் போர்வை போர்த்தியிருக்கிறார்கள். அவர் யாராக இருந்தாலும், அவருக்கும் நன்றி.

கிளம்பும்போது போன் நம்பர் எழுதிய துண்டுக் காகிதம் எதுவும் தரவில்லை. ஒரு வாரத்துக்கு மாத்திரை, இரண்டு நலோக்சோன் ஸ்ப்ரே, மறுநாள் காலை பத்தரை மணிக்குக் கிளினிக்கில் பெயர் பதிந்த நேரம், அதற்குக் கூட வர அந்த அண்ணன். "சில நாள் விட்டிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. தப்பித் தவறி எடுத்தாலும் தனியாக எடுக்காதே, அக்காவிடம் சொல்" என்று அவனுக்கும் எனக்கும் சேர்த்தே சிஸ்டர் சொன்னார். இப்படி ஒரு வாக்கியத்தை முன்பு யாராவது என் காதில் போட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். இப்போது ஒரு ஸ்ப்ரே அவன் மேஜையில், இன்னொன்று என் கைப்பையில்.

ஐந்து வாரம் ஆகிறது. இரவில் குறட்டை கேட்டால் எழுந்து போய் வயிற்றில் கை வைத்து எண்ணுகிறேன். நேற்றுப் பதினாறு. "தூங்க விடு" என்று திட்டினான்.

அப்புறம், அண்ணா, உங்கள் சார்ஜர் ஒயர் எங்கள் பையில் வந்துவிட்டது. வியாழக்கிழமை கிளினிக் முடிந்ததும் கொண்டுவந்து தருகிறோம். கூட இன்னும் இரண்டு ஒயர் வாங்கியிருக்கிறான், இதைவிடக் குட்டையாகப் பார்த்து.

அன்புடன்,
அவனுடைய அக்கா