யார் சொல்வதாகப் பாட்டு?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த பங்க் இசை (எழுபதுகளில் கிளம்பிய முரட்டு ராக் இசை) பற்றிய கட்டுரையைப் படித்தேன். தமிழில் இதைப் பற்றியெல்லாம் எழுத ஆள் கிடைப்பதே அபூர்வம். அதற்கு இத்தனை பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. நன்றி சொன்ன கையோடு சண்டைக்கும் வருகிறேன். லண்டன் பங்க் குழுவான தி கிளாஷின் 'வைட் ரயட்' ('வெள்ளைக் கலவரம்') பாட்டை வெள்ளை இனவெறிக் கூச்சல் என்று ஒரே வரியில் தள்ளிவிட்டுப் போகிறார் கட்டுரையாளர். தலைப்பைத் தாண்டி உள்ளே போகவில்லை என்று நினைக்கிறேன்.

1976 ஆகஸ்ட் கடைசியில் லண்டனில் நாட்டிங் ஹில் கார்னிவல் நடந்தபோது கறுப்பின இளைஞர்களுக்கும் போலீசுக்கும் பெரிய மோதல் வெடித்தது. கிளாஷ் குழுவின் ஜோ ஸ்ட்ரம்மரும் பால் சிமனனும் அன்று அந்தத் தெருவில் இருந்தார்கள். அடுத்த வருஷம் வந்த பாட்டு அது. கறுப்பர்களுக்கு எத்தனையோ பிரச்சினை, ஆனால் அவர்கள் கல்லெடுக்கத் தயங்கவில்லை. நாமோ பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி வாயை மூடிக்கொண்டு கிடக்கிறோம் என்று தன் கூட்டத்து வெள்ளைப் பையன்களைப் பார்த்துத் திட்டுகிற பாட்டு. இதே குழுதான் 1978 ஏப்ரல் 30 அன்று லண்டன் விக்டோரியா பூங்காவில் இனவெறிக்கு எதிராக நடந்த கச்சேரியில் மேடையேறியது. தலைப்பு வில்லங்கமானது, சரி. அன்றைக்கு லண்டனிலேயே தப்பாகப் புரிந்துகொண்டவர்கள் உண்டு. ஆனால் கட்டுரை எழுத உட்கார்ந்தவர் ஒரு தடவை பாட்டு வரியைப் படித்திருக்கலாம்.

இந்த ஒரு பிழைக்காக மட்டும் இவ்வளவு நீளமாக எழுதவில்லை. கட்டுரை முழுக்க ஒரு பழக்கம் ஓடுகிறது. பாட்டில் 'நான்' என்று வந்தால் அது பாடகர்தான், பாட்டில் ஒன்றைச் சொன்னால் அது அவருடைய கொள்கைதான் என்ற பழக்கம். நான் கல்லூரியில் தமிழ் படித்தவன். எங்களுக்கு முதல் வருஷத்திலேயே இதை அடித்துத் திருத்திவிடுவார்கள். குறுந்தொகையைத் திறந்தால் பாட்டோடு தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று ஒரு குறிப்பு இருக்கும். கபிலர் தலைவியாகப் பேசுகிறார். தினைப்புனத்தில் கைவிட்டுப் போன அந்தக் காதலன் யார் என்று கபிலரை யாரும் விசாரிப்பதில்லை. பங்க் பாட்டுக்கு இந்தக் குறிப்பை யாரும் எழுதித் தருவதில்லை. கேட்பவர்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனைச் சேர்ந்த ஃபுகாஸி குழு 1988-இல் வெளியிட்ட 'சஜெஷன்' என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இயன் மெக்காய் என்கிற ஆண் பாடுகிறார். ஆனால் முதலில் வரும் 'நான்' ஒரு பெண். தெருவில் நடந்தால் ஏன் என்னை இப்படிப் பார்க்கிறார்கள், என் உடம்பைத் தவிர என்னிடம் வேறொன்றும் இல்லையா என்று கேட்கிறாள். ரங்கநாதன் தெருவிலோ 29சி பஸ்ஸிலோ போய் வருகிற எந்தப் பெண்ணுக்கும் இதற்கு உரை வேண்டாம். அப்புறம்தான் பாட்டின் வேலை இருக்கிறது. பாதிக்கு மேல் 'நான்' காணாமல் போய்விடுகிறது. அவள் எதுவும் செய்யவில்லை, அவன் பார்க்கத்தான் பார்க்கிறான் என்று 'அவள்', 'அவன்' வருகிறார்கள். அதற்கும் பிறகு 'நாம்': சும்மா உட்கார்ந்திருக்கிறோம், அப்படித்தான் நமக்குக் கற்றுக்கொடுத்தார்கள், கடைசியில் அவள் ஏன் அங்கே போனாள் என்று அவளையே கேட்கிறோம். பாதிக்கப்பட்டவளின் குரலில் தொடங்கி, வேடிக்கை பார்த்த கூட்டத்தின் குரலில் முடிகிறது. மேடைக்கு முன்னால் முண்டியடித்துக்கொண்டு நிற்கிற பையன்கள் அதுவரை அவள் பக்கம் இருப்பதாக நினைத்துக் கூடவே கத்தியிருப்பார்கள். திடீரென்று குற்றவாளிக் கூண்டில் அவர்களும் நிற்கிறார்கள். யார் பேசுகிறார் என்று கவனிக்காமல் கேட்டால் இது பெண்ணுரிமைக்கு ஆதரவான இன்னொரு நல்ல பாட்டு, அவ்வளவுதான்.

குரல் குழம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் இதே மெக்காயே உதாரணம். அதற்கு முன் மைனர் த்ரெட் குழுவில் பாடிக்கொண்டிருந்தபோது, புகை வேண்டாம், குடி வேண்டாம் என்று 'அவுட் ஆஃப் ஸ்டெப்' என்ற பாட்டு எழுதினார். தன்னைப் பற்றித்தான் எழுதினார். ஆனால் வரியில் 'நான்' சரியாகக் காதில் விழாததால் கேட்டவர்கள் கட்டளையாக எடுத்துக்கொண்டார்கள். 1983-இல் மறுபடி பதிவு செய்தபோது பாட்டின் நடுவே பேச்சாகவே ஒரு விளக்கம் சேர்க்க வேண்டிவந்தது: இது விதி இல்லை, யாருக்கும் நான் உத்தரவு போடவில்லை என்று. அப்படியும் அது ஒரு இயக்கமாகி, பின்னால் சில ஊர்களில் பீர் பாட்டிலோடு நிற்பவனை அடிக்கிற அளவுக்குப் போனது.

கூற்று பார்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்ல மாட்டேன். 1981-இல் அதே மைனர் த்ரெட் 'கில்ட்டி ஆஃப் பீயிங் வைட்' ('வெள்ளையாக இருப்பதுதான் என் குற்றம்') என்று ஒன்று பாடியது. கறுப்பின மாணவர்கள் பெரும்பான்மையாக இருந்த பள்ளியில் படித்த வெள்ளைப் பையனாகத் தான் பட்டதைச் சொன்னேன், இனவெறிக்கு எதிராகத்தான் எழுதினேன் என்கிறார் மெக்காய். அவர் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்த விளக்கம் பாட்டுக்குள் இல்லை. இனவெறியர்கள் வசதியாகத் தங்கள் பாட்டாக்கிக்கொண்டார்கள். 1996-இல் ஸ்லேயர் குழு அதைப் பாடியபோது கடைசியில் ஒரு சொல்லை மாற்றி, 'சரியாக இருப்பதுதான் என் குற்றம்' என்று முடித்தது, மெக்காய் கொதித்துப்போனார். என்னைக் கேட்டால் பாட்டே ஓட்டை. எழுதியவரின் நோக்கம் நல்லது என்பதற்காக வரிக்கு மதிப்பெண் போட முடியாது.

கட்டுரையாளர் வன்முறைக்கு எடுத்துக்காட்டாகக் கொடுத்த டெட் கென்னடிஸ் என்ற அமெரிக்கக் குழுவின் 'கில் த புவர்' ('ஏழைகளைக் கொல்', 1980) நேர் எதிர் கதை. அங்கே பேசுவது பாடகர் ஜெல்லோ பியாஃப்ரா இல்லை, அதிகார வர்க்கம். கட்டிடத்துக்குச் சேதமில்லாமல் ஆட்களை மட்டும் கொல்லும் நியூட்ரான் குண்டு வந்துவிட்டது, இனிச் சேரிகள் ஒழிந்தன, ஊர் பளிச்சென்று ஆகிவிடும் என்று அது குதூகலிக்கிறது. நமக்கு வஞ்சப்புகழ்ச்சி புதிதா? தொண்டைமானிடம் தூது போன ஔவையார், உன் ஆயுதங்கள் மயில்தோகை சூடி, நெய் பூசி, எவ்வளவு அழகாக இருக்கின்றன, எங்கள் அதியமானுடையதோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். அவர் தொண்டைமானைப் பாராட்டினார் என்று பரீட்சையில் எழுதினால் என்ன மதிப்பெண் கிடைக்கும்? கூவம் கரையிலிருந்து ஏழைகளைக் குடும்பம் குடும்பமாக ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு ஏற்றி அனுப்பியதைப் பார்த்த ஊரில் இருந்துகொண்டு, 'கில் த புவர்' யாருடைய குரல் என்று தெரியவில்லை என்றால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

பங்க்கிலிருந்து கிளைத்த போஸ்ட் ஹார்ட்கோர் என்ற பாணியின் பாட்டுகளைக் கட்டுரையாளர் 'அர்த்தமற்ற சொற்குவியல்' என்கிறார். இதில் அவருக்குப் பாதி நியாயம் உண்டு. எண்பதுகளின் நடுவில் வாஷிங்டன் இளைஞர்கள் கச்சேரிகளில் நடந்த அடிதடியால் வெறுத்துப்போய், கோஷத்தை விட்டுத் தங்கள் மனசுக்குள் இறங்கினார்கள். அதிலிருந்து பாட்டு பூடகமாகிக்கொண்டே போனது. சில குழுக்களின் வரிகளுக்குப் பொருள் சொல்லப் பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியர்தான் வர வேண்டும். எங்கேயோ இருக்கிற வரியை எங்கேயோ மாட்டி அவர் பொருள் கொள்வதுபோல ரசிகர்களும் செய்கிறார்கள். அதில் பாதி, கேட்க நன்றாக இருக்கிறது என்பதற்காக எழுதிய சொல்லாகவே இருக்கும்.

ஆனால் அவர் உதாரணம் காட்டிய 'இன்வேலிட் லிட்டர் டிப்பார்ட்மென்ட்' அப்படியல்ல. அட் தி டிரைவ்-இன் குழு டெக்சாஸின் எல் பாஸோ ஊர்க்காரர்கள். ஆற்றைக் கடந்தால் மெக்சிகோவின் சியுதாத் ஹுவாரெஸ். தொண்ணூறுகளில் தொடங்கி அங்கே பெண்கள் வரிசையாகக் கொல்லப்பட்டார்கள். பலர் எல்லையோர ஏற்றுமதித் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்கள். விசாரணை என்ற பெயரில் நடந்தது கண்துடைப்பு. 2000-இல் வந்த அந்தப் பாட்டு இதைப் பற்றியது. அதன் வீடியோவில் விஷயத்தை எழுத்திலேயே போட்டுக் காட்டினார்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் விடிகாலை ஷிப்ட் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தொழிற்சாலைகள் எப்படிப்பட்டவை என்று சொல்லவேண்டியதில்லை. ஊரும் வருஷமும் தெரிந்த பிறகு அந்தப் பாட்டைக் கேளுங்கள். சொற்குவியல் என்று சொல்ல நாக்கு வராது.

தொண்ணூறுகளில் பர்மா பஜாரில் வாங்கிய திருட்டுக் கேசட்டுகளில் மேலட்டை மட்டும் நகலெடுத்திருப்பார்கள். பாட்டு வரி அச்சான தாள் இருக்காது. அதனால் எங்கள் தலைமுறை பாதியைக் காதால் ஊகித்தே ஓட்டியது. இன்று போனில் தட்டினால் வரி வந்துவிடுகிறது, அதிலும் பிழைகள் உண்டு என்றாலும். எழுதுகிறவருக்கு இனிச் சாக்கு இல்லை.

2018-இல் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற சென்னைக் குழு கானாவையும் ராக்கையும் சேர்த்து மேடையேறியபோதும் 'கத்துகிறார்கள்' என்று சொன்னவர்கள் நம் ஊரில் இருந்தார்கள். இட ஒதுக்கீட்டைப் பற்றி அவர்கள் என்ன பாடினார்கள் என்று அந்த ஆட்களிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். பதில் வராது.

கட்டுரையின் இரண்டாம் பகுதி வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் வருஷம், குழுவின் ஊர், பாட்டில் பேசுவது யார் என்ற மூன்றையும் அடைப்புக்குறிக்குள்ளாவது போடச் சொல்லுங்கள். 'வைட் ரயட்' பற்றிய அந்த வரிக்கு அடுத்த இதழிலேயே ஒரு திருத்தம் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
பெரம்பூர், சென்னை.