பழைய பிரஸ் பாஸ், தேர்தல் பேட்ஜ்: ஞாயிறு சந்திப்பு

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, வணக்கம். வருகிற ஞாயிறு காலை 10 மணிக்குப் பாளை வ.உ.சி. மைதான வாசலில் கூடுகிறோம். கையிலுள்ளதைக் கொண்டு வாருங்கள். கட்சிச் சண்டை மட்டும் வேண்டாம்.

பழைய நிருபர் பாஸ் வாங்குவது பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். முதலில் முத்திரையைப் பாருங்கள். ரப்பர் ஸ்டாம்பு பாதி போட்டோ மேலும் பாதி அட்டை மேலும் விழுந்திருந்தால், வட்டம் விலகாமல் சேர வேண்டும். சேரவில்லையென்றால் படத்தை யாரோ மாற்றி ஒட்டியிருக்கலாம். அச்சுக் கோத்து அடித்த அட்டை என்றால் பெரும்பாலும் பின்பக்கம் தடவினாலே எழுத்தின் மேடு விரலில் தட்டும்.

பேட்ஜுக்குச் சின்னமே சாட்சி. காங்கிரஸின் இரட்டைக் காளை 1969 பிளவுக்குப் பின் 1971 தேர்தலில் இல்லை. ‘1967 எலெக்‌ஷன் அதிமுக பேட்ஜ்’ என்று யாராவது நீட்டினால் ஒரு கும்பிடு போட்டு நகர்ந்துவிடுங்கள். அந்தக் கட்சி பிறந்ததே 1972-இல்தான்! இரட்டை இலை 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் வந்தது.

அப்புறம், லேமினேஷன் போடவே போடாதீர்கள். அட்டை கெடும், மதிப்பும் போகும். துருப்பிடித்த குண்டூசி இருந்தால் பிடுங்காமல் அப்படியே கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். வீட்டு முகவரி தெரியும் பக்கத்தைக் குழுவில் பகிர வேண்டாம்.